விரைவில் நீக்கப்படுபவை

போன மாசியில் ஒரு வெள்ளி இரவு, ஒஸ்லோவின் ரொம்மனில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முகப்பில் அப்பப்பா வந்து நின்றார். நின்றார் என்பதைவிடக் கிடந்தார் என்பதே சரி. வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தலைமாட்டில் குத்துவிளக்கு. 1993இல் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எடுத்த செத்தவீட்டு வீடியோவின் முதற்காட்சி அது. அவருக்கு ஒரு பக்கம் நாங்கள் பாதியில் விட்ட கொரியத் தொடர், மறுபக்கம் யாருமே தொடாத ஒரு சமையல் போட்டி. மூன்றுக்கும் சேர்த்து மேலே ஒரு தலைப்பு: ‘விரைவில் நீக்கப்படுபவை’.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். “ஆரடா இவரை நீக்கிறது? அவர் போய் முப்பது வருசத்துக்கு மேலையாச்சு.”

நீக்கச் சொன்னவன் நான்தான்.

விஷயம் இதுதான். வீட்டில் சேர்ந்துபோன படங்கள், பாட்டுகள், வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரு சிறிய கணினியில் ஏற்றி, தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் நெட்ஃபிளிக்ஸ் போலப் பார்க்க வைக்கும் நிரல்கள் சில உண்டு. பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைப் படம் பார்க்கும் பெட்டியாக மாற்ற 2002இல் தொடங்கிய முயற்சிதான் இவற்றில் பலவற்றுக்கு மூதாதை. அதிலிருந்து 2008இல் பிளெக்ஸ் பிரிந்தது. மூலம் 2014இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. வேறொரு வேரிலிருந்து வந்த எம்பி, 2018 கடைசியில் தன் நிரல்மூலத்தை மூடிக்கொண்டது. அந்தக் கோபத்தில் அதே மார்கழியில் சிலர் பிரித்தெடுத்துக்கொண்டு போனதுதான் ஜெல்லிஃபின். காசில்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை, உங்கள் பெட்டி உங்கள் வீட்டில். பிளெக்ஸில் வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கு 2025 சித்திரையில் கட்டணம் வந்தபோது, என்னைப் போலப் பலரும் ஜெல்லிஃபின் பக்கம் சாய்ந்தோம்.

பெட்டி இருந்தால் நிறையும். நிறைந்தால் துப்புரவு வேண்டும். அதற்கும் ஆட்கள் உண்டு. பிளெக்ஸுக்கென்று எழுதிய மெயின்டெய்னர், ஜெல்லிஃபினுக்கென்று எழுதிய ஜானிட்டர் போன்றவை. இவற்றுக்கு நாம் விதி சொல்லவேண்டும்: ‘வந்து 180 நாளாகியும் ஒருவரும் பார்க்காததை எடு, ஒரு வரிசையில் போட்டு வீட்டாருக்குக் காட்டு, குறித்த நாள் வரை யாரும் தொடாவிட்டால் அழி.’ அருமையான யோசனை. நான் செய்த மடத்தனம், சினிமாவையும் குடும்ப வீடியோவையும் ஒரே அடுக்கில் போட்டதுதான். கருவி சொன்னதைச் செய்தது. யாரும் பார்க்காத ஒன்றைத் தேடியது. எங்கள் வீட்டில் அப்பப்பாவின் செத்தவீட்டைவிடக் குறைவாகப் பார்க்கப்பட்ட படம் வேறெதுவும் இல்லை.

ஒரே அடுக்கில் போட்டதன் மற்ற விளைவு சிரிப்புக்குரியது. பெரியக்காவின் கல்யாண வீடியோவுக்கு ‘திருமணம்’ என்று மட்டும் பெயர் வைத்திருந்தேன், ஆண்டுகூடப் போடவில்லை. நிரல் இணையத்திலுள்ள திரைப்படத் தரவகத்தில் தேடி, சேரன் எடுத்த 2019 படத்தின் சுவரொட்டியைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. அத்தான் இன்றுவரை அதை மாற்ற விடவில்லை. தமிழ்ப் படங்களுக்கு ஆண்டு போடாமல் பெயர் வைப்பது ஆபத்து. ‘விக்ரம்’ என்றால் 1986ஆ, 2022ஆ? ‘பில்லா’ 1980ஆ, 2007ஆ? ‘தில்லு முல்லு’, ‘மாப்பிள்ளை’, ‘பொல்லாதவன்’, ‘படிக்காதவன்’, ‘மாவீரன்’ எல்லாம் இரட்டைப் பிறவிகள். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆண்டு: திரைப்பட அடுக்கின் சட்டம் அவ்வளவுதான். அதைச் செய்தால் மிச்சத்தை நிரல் பார்த்துக்கொள்ளும். எனக்குச் சொல்ல இருப்பது நிரல் பார்த்துக்கொள்ளாத அடுக்கைப் பற்றி.

அந்தச் செத்தவீட்டுக் கசெட் ஒஸ்லோவுக்கு வந்த வழியை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. படம் பிடித்தவர் ஜெனரேட்டரில் பேட்டரி ஏற்றித்தான் கமெராவைத் தூக்கினார். கசெட் ஒருவர் பயணப் பையில் கிளாலிக் கடலை இரவுப் படகில் கடந்து, வவுனியா தாண்டிக் கொழும்பு போய், அங்கிருந்து விமானம் ஏறியது. அப்பா அப்போது ஒஸ்லோவில் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நம்மவர் பலரைப் போல, வடகோடியில் ஃபின்மார்க்கில், வார்டோ என்ற தீவு நகரத்து மீன் ஆலையில் நின்றார். அங்கே கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதிவரை சூரியன் எழாது. தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போக முடியாத மகன், மூன்று மாதம் கழித்து, நடுப்பகலிலும் இருட்டான ஓர் அறையில், இரவல் டெக்கில் அதைப் போட்டுப் பார்த்தார். ஒருமுறைதான். பிறகு அந்தக் கசெட் பெட்டியோடு பெட்டியாகத் தெற்கே வந்து, ஒஸ்லோவின் குரோருட் பள்ளத்தாக்கில் குடியேறிய ஏராளமான தமிழ்க் குடும்பங்களின் பெட்டிகளைப் போல, எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குள் போய்ச் சேர்ந்தது.

ரொம்மனைத் தெரியாதவர்களுக்கு: நகர மையத்திலிருந்து வடகிழக்கே போகும் சுரங்கரயில், தரைக்கு மேலே வந்து நெடுநேரம் ஓடிய பின் வரும் நிறுத்தம். எழுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகள், 2010இல் திறந்த பள்ளிக்கூடமும் கலைமண்டபமும் ஒன்றான கட்டடம், வார இறுதியில் பிள்ளைகளைத் தமிழ் படிக்கக் கூட்டிவரும் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தின் வளாகம். எங்கள் குடியிருப்புக் கூட்டுறவில் ஒவ்வொரு இளவேனிலிலும் டுக்னாட் நடக்கும். எல்லோரும் சேர்ந்து முற்றம் பெருக்கி, வேலிக்கு மை பூசி, கடைசியில் வாட்டிய சொசேச் தின்னும் கூட்டு வேலை அது. 2004இல் நோர்வேக்காரர் தங்கள் தேசியச் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததும் அந்தச் சொல்லைத்தான். அன்று வாசலில் ஒரு பெரிய இரும்புக் கொள்கலன் வந்து நிற்கும். வேண்டாதது எல்லாம் அதற்குள். சில வருடங்களுக்கு முன் ஒரு டுக்னாட் நாளில், நிலவறையிலிருந்து ‘பழைய கசெட்’ என்று எழுதிய இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானே அந்தக் கொள்கலன் வரை போனேன். மழை தூறியது. மேல்மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டார். திரும்பிவிட்டேன்.

(சேவைக் கணினியில் இந்த நிரல்களை எல்லாம் நிறுவும் முறைக்கும் கொள்கலன் என்றுதான் பெயர். டாக்கர் என்பார்கள். ஒவ்வொரு நிரலும் தனித் தனிப் பெட்டிக்குள். ஒன்று கெட்டால் மற்றதைத் தொடாது. ஒரு கொள்கலனில் போடப் போனதை இன்னொரு கொள்கலனில் போட்டேன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.)

பெட்டிகளுக்குள் 43 கசெட்டுகள். சாமத்திய வீடு, கல்யாணம், குடிபூரல், கோயில் திருவிழா, மூன்று செத்தவீடு. ரொறொன்ரோவிலிருந்து சித்தி அனுப்பிய ஏழு கசெட்டுகளை எங்கள் வீட்டில் யாருமே ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இலங்கையும் நோர்வேயும் பால் முறைக்காரர்: 625 கோடு, விநாடிக்கு 25 சட்டம். கனடா என்டிஎஸ்சி: 525 கோடு, விநாடிக்கு ஏறக்குறைய 30 சட்டம். பிரான்ஸ் செக்காம் என்று மூன்றாவது வழி. ஒரே குடும்பம் பாரிஸிலும் ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சிதறியபோது, ஒருவர் வீட்டுக் கல்யாணம் இன்னொருவர் வீட்டு டெக்கில் கறுப்பு வெள்ளையாக உருண்டது. அகதிச் சட்டங்கள் பிரித்தது போதாதென்று இந்தக் கோட்டுக் கணக்கும் சேர்ந்து பிரித்தது. இரண்டு முறையையும் வாசிக்கும் டெக் ஒன்றை ஃபின் என்ற விளம்பரத் தளத்தில் பழசாக வாங்கினேன். விற்றவர் பெரியவர், நோர்வேக்காரர். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். தன்னிடமிருந்த தலை துடைக்கும் கசெட்டையும் சும்மா தந்தார்.

கசெட்டை இலக்கமாக்குவதில் குறுக்குவழி இல்லை. மூன்று மணி நேரக் கசெட் மூன்று மணி நேரம் ஓடியே ஆகவேண்டும். பழைய படம் ஒற்றைக் கோடுகளை முதலும் இரட்டைக் கோடுகளை அடுத்தும் வரைந்து வருவதால், கணினித் திரையில் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் தெரியும். அதைக் கோதி எடுக்கவேண்டும். கடைசியில் கிடைப்பது நாலு கிகாபைட் அளவில் ஒரு கோப்பு. நாடாவின் காந்தப்பூச்சு வருடா வருடம் உதிர்கிறது. எங்கள் 43இல் இரண்டு பூஞ்சை பிடித்து ஒட்டிப்போயிருந்தன. மற்றவை பிழைத்தன. இரண்டு மாரிகாலம் போயிற்று.

அதன்பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது: பெயர் வைப்பது.

முதலில் ஒரு பேய் விளையாட்டு. மருமகளின் மாக் கணினியிலிருந்து ‘ரொம்மன்’ என்ற உறையைச் சேவைக் கணினிக்கு அனுப்பினேன். அங்கே ஏற்கனவே நான் செய்த ‘ரொம்மன்’ ஒன்று இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒன்றாகியிருக்கவேண்டும். ஆகவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ரொம்மன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், வேறுபாடே இல்லை. ஓர் இரவு முழுக்க மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விளங்கியது, குற்றவாளி முதலெழுத்து. ‘ரொ’வின் கொம்பும் காலும் சேர்ந்த உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. ஆனால் மாக்கின் பழைய கோப்புமுறை எல்லாவற்றையும் பிரித்து எழுதும். லினக்ஸ் கோப்புமுறை விதியெல்லாம் பாராமல், உள்ளே கிடக்கும் எண்ணை மட்டும் ஒப்பிடும். எண் வேறென்றால் பெயரும் வேறு. கொ, கோ, கௌ வரும் தமிழ்ப் பெயர் ஒவ்வொன்றும் இப்படி இரட்டிக்கலாம். கொழும்பு, கோண்டாவில், தொண்டைமானாறு, பொலிகண்டி எல்லாம் ஆபத்தில் உள்ள ஊர்கள். அளவெட்டி தப்பியது.

வேலையிடத்தில் ஒரு நோர்வே நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மேசையில் தட்டினார். தலையில் வட்டம் போட்ட அவர்களுடைய ‘ஓ’ எழுத்துக்கும் இதே நோய். வட்டம் தனியே கழன்றுவிடும். வோலரெங்கா உதைபந்தாட்டப் படங்களை இரண்டு உறையில் வைத்திருக்கிறாராம். குறுக்குக் கோடு போட்ட மற்ற எழுத்து பிரிவதில்லை என்பதால் ஒஸ்லோவின் குருன்லாந்துக்கு ஆபத்தில்லை. தமிழுக்கும் நோர்வேஜிய மொழிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. எல்லாப் பெயரையும் சேர்த்த வடிவத்துக்கு மாற்றும் சிறு நிரல் இதற்கென்றே இருக்கிறது. ஓடவிட்டால் ஒரு நிமிட வேலை.

இதைவிடப் பழைய நோய் பாமினி. அப்பா 2000களின் தொடக்கத்தில் சில கசெட்டுகளுக்குக் கணினியில் குறிப்பு எழுதி வைத்திருந்தார், நம்மவர் பத்திரிகையும் கல்யாண அழைப்பும் அடித்த அதே பாமினி எழுத்துருவில். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அரைப்புள்ளி தூவிய ஆங்கிலக் குப்பை. மாற்றியில் போட்டதும் குப்பை அப்பாவின் குரலாகியது: எந்தக் கசெட்டில் எத்தனையாவது நிமிடத்தில் ஆர் வருகிறார் என்று பதினொரு கசெட்டுக்கு வரிவரியாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. எழுதியவரும் இப்போது இல்லை.

மீதி முப்பதுக்கு அம்மாதான்.

கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை எளிது. ஆண்டு, மாதம், நாள் முதலில். பிறகு ஊர், நிகழ்வு, யாருடையது. ஆண்டு முன்னால் நின்றால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். ஜெல்லிஃபினில் குடும்ப வீடியோவுக்கென்று தனி அடுக்கு வகை உண்டு. அதில் போட்டால் இணையத்தில் போய்ச் சுவரொட்டி தேடாது. துப்புரவுக் கருவியை அந்த அடுக்கின் பக்கமே விடாமல் பூட்டிவிட்டேன். ஆனால் ‘1989-06 அளவெட்டி சாமத்திய வீடு’ என்று எழுதிவிட்டால் போதுமா? மூன்று மணி நேரப் படத்தில் நூற்றைம்பது முகம். தட்டோடு நிற்பவர் ஆர், ஆலாத்தி எடுக்கும் பெண் ஆர், பந்தலில் கயிறு கட்டும் பொடியன் இப்போது எங்கே?

அம்மாவைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி, கையில் பேனையோடு கேட்கத் தொடங்கினேன். அவர் வேகத்துக்கு எழுத முடியவில்லை. ஒரு முகத்தைக் கண்டதும் பெயர் மட்டும் வராது. அவருடைய காணி வழக்கு, அவர் மகள் ஓடிப்போன கதை, அவர்கள் வீட்டு விளாட்டு மாம்பழம் எல்லாம் சேர்ந்து வரும். அப்போதுதான் தோன்றியது. பேனையை வைத்துவிட்டுக் கைபேசியில் குரலைப் பதிந்தேன். எம்கேவி வகைக் கோப்பில் ஒரு படத்துக்கு எத்தனை ஒலித்தடமும் சேர்க்கலாம். முதல் தடம் கசெட்டின் சத்தம்: நாதஸ்வரம், மேளம், ஜெனரேட்டரின் உறுமல். இரண்டாவது தடத்துக்கு ‘அம்மா சொல்வது’ என்று பெயர். பார்ப்பவர் எது வேண்டுமோ தெரிவு செய்யலாம்.

“இது மேளக்காரரின்ரை பெடியன். பார், அடிக்காமல் வடையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான்.” “உது நான். அந்தச் சீலை இரவல்.” “இவ தொண்ணூற்றஞ்சில இடம்பெயர்ந்து போகேக்கை வழியிலை மழைக்குள்ளை செத்தவ.” 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுக்க ஓரிரவில் வெளிக்கிட்டபோது, ஊரில் இருந்த அல்பங்கள் பெரும்பாலும் வீடுகளோடு போயின. வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிதான் பல குடும்பங்களுக்கு இன்று மூலம். வார்டோவுக்குப் போன கசெட் தப்பியது, அது வார்டோவுக்குப் போனதால்.

பேரப்பிள்ளைகளுக்கு அம்மாவின் தமிழ் பாதிதான் விளங்கும். மகள் அதைக் கேட்டு நோர்வேஜிய மொழியில் வசனவரி போடுகிறாள். இதுவரை நாலு கோப்பு முடித்திருக்கிறாள். ‘ஆலாத்தி’க்கு நோர்வேஜியத்தில் சொல் இல்லை. அப்படியே விட்டிருக்கிறாள்.

இந்த அலுவலுக்கு நோர்வே பொருத்தமான நாடு. இங்கே 1989இல் இயற்றிய சட்டப்படி வெளியிடப்படும் நூல், பத்திரிகை, ஒலிபரப்பு எல்லாவற்றுக்கும் பிரதி தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். 2006 முதல் அவர்கள் தங்கள் சேகரிப்பை முழுமையாக இலக்கமாக்கி வருகிறார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே மோ இ ரானா என்ற ஊரில் மலையைக் குடைந்து பெட்டகம் வைத்திருக்கிறார்கள். நல்லது எது, வேண்டாதது எது என்று அங்கே யாரும் கேட்பதில்லை, வருவதை வைத்துக்கொள்வார்கள். ஆனால் வெளியிடப்படாத ஒரு சாமத்திய வீட்டுக் கசெட் அந்தச் சட்டத்துக்குள் வராது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு, நிலவறைப் பெட்டியும் ஒரு நூலகம்தான் என்று உறைக்க ஏன் இத்தனை காலம் எடுத்தது என்று சில நேரம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

திரைப்பட அடுக்கின் சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் ஓடவிடும் உரிமைக்கான வழக்கில் உலகம் கவனித்த ஒன்று ஒஸ்லோ நீதிமன்றத்தில்தான் நடந்தது. 1999இல் டிவிடியின் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டதில் பங்குகொண்ட யோன் லெக் யோஹான்சன் அப்போது பதினைந்து வயதுப் பையன். 2003 தையில் விடுதலை, மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு மார்கழியில் விடுதலை. பின்னாளில் சட்டம் இறுகியது. சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்க இன்னும் இடமுண்டு, ஆனால் மூலம் முறையாக வந்ததாக இருக்கவேண்டும். களவாக ஏற்றியதை இறக்கிவிட்டு ‘வீட்டுக்குத்தானே’ என்று சொல்ல முடியாது. தானாகப் படம் தேடி இறக்கும் சோனார், ராடார் வகைக் கருவிகளை வைத்துப் பெருமை பேசுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டியில் நாலாயிரம் படம் உண்டு. தங்கள் தாயின் கல்யாணப் படம் உண்டா என்று கேட்டால் முழிப்பார்கள்.

செலவு? என் பெட்டி உள்ளங்கையளவுக் கணினி, சராசரி 15 வாட். வருடம் முழுக்க ஓடினால் 131 கிலோவாட் மணி. பழைய மேசைக் கணினியை இதற்கு விட்டால் 80 வாட், வருடத்துக்கு 700. மின்விலை ஏறிய 2022 மாரியில் அந்த வேறுபாடு சுட்டது. குளிர்காலத்தில் அந்தச் சூடும் வீட்டைத்தானே சூடாக்குகிறது என்று வாதாடினேன், வீட்டில் எடுபடவில்லை. பிரதி மூன்று: பெட்டியில் ஒன்று, தனிச் சேமிப்பு வட்டில் ஒன்று, பேர்கனில் தங்கச்சி வீட்டு அலுமாரியில் ஒன்று. இரண்டு வட்டை ஒன்றுக்கொன்று கண்ணாடியாக வைப்பதைப் பிரதி என்று நம்பவேண்டாம். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும்.

இப்போது அடுக்கில் 41 வீடியோ. இருபத்திரண்டுக்கு அம்மாவின் தடம் ஏறிவிட்டது. அப்பப்பாவின் செத்தவீட்டை அவர் நெடுநாள் தள்ளிப்போட்டார். தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, “சரி போடு” என்றார். முழுவதும் இருந்து பார்த்தார். பெரும்பாலும் பேசவில்லை, இரண்டாவது தடத்தில் நீளமான மௌனங்கள் உண்டு, நான் வெட்டவில்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நீலச் சீலை கட்டிய ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு வந்து, பாடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கமெராவை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டுப் போகிறார். அம்மா நிறுத்தச் சொன்னார். பின்னுக்கு எடுக்கச் சொன்னார். மூன்று தரம் பார்த்தார்.

“தெரிஞ்ச முகம். பேர் வருகுதில்லை.”

‘தெரியாதவர்கள்’ என்று ஓர் உறை வைத்திருக்கிறேன். அப்படி நிறுத்திய படங்கள் அதில் இப்போது 63. சித்திக்கு அனுப்பினேன், அவவுக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பள்ளி நடக்கும் நாளில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை நடைபாதை வாங்குகளில் தெர்மொஸ் தேத்தண்ணியோடு காத்திருக்கும் அளவெட்டி, மல்லாகம், தெல்லிப்பழைக் கிழவிகள் ரொம்மனில் சிலர் இருக்கிறார்கள். வருகிற கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.